நிலாக்காவலன் தலை என் கக்கத்தில்

அப்பா: நான் ஏன் பொய் சொல்லணும் மச்சான்? முழுசா முக்கால் மணி நேரம். நிலாக்காவலன் தலை என் கக்கத்துல இருந்துச்சு.

மாமா: உடம்பு எங்க இருந்துச்சு மாப்பிள்ளை?

அப்பா: தலையோடதான் இருந்துச்சு.

மாமா: அப்ப சரி. ஒரு நிமிஷம் பயந்துட்டேன்.

மகள்: மாமா, அவருக்குப் பேச்சுக் குடுக்காதீங்க. காலையில இருந்து இது நாலாவது தடவை. எழுந்தப்ப பத்து நிமிஷம்னார். பல் தேய்ச்சதும் இருபது ஆச்சு. நீங்க படியேறி வர்றதுக்குள்ள முக்கால் மணி நேரம்.

அப்பா: ஞாபகம் வர வரக் கூடுது பாப்பா, நான் என்ன பண்றது?

மாமா: வயசானா ஞாபகம் தேயும்னு கேள்விப்பட்டிருக்கேன். உங்களுக்கு மட்டும் நகம் மாதிரி வளருது. நீ இஸ்திரியைக் கவனி கண்ணு, காலர் மடங்குது பார். நாளைக்கு வேலையில சேர எட்டு அம்பதுக்கே காப்பீட்டு ஆபீஸ் வாசல்ல நிக்கணும். மேனேஜர் என் பழைய மாணவன். ஒன்பது மணின்னா அவனுக்கு ஒன்பது மணிதான்.

மகள்: தெரியும் மாமா. இதை ஆறு தடவை சொல்லிட்டீங்க. ஆனா உங்க ஒன்பது மணி ஒன்பதாவே நிக்குது, அது வரைக்கும் சந்தோஷம்.

அப்பா: நேத்து நீங்களும் மாநாட்டுக்கு வந்திருந்தா, மச்சான்...

மாமா: எனக்கென்ன கிறுக்கா? ரசிகர் மாநாடாம். டிவி தொடர்ல வர்ற ஒரு நிலாக்காவலனுக்காக, பேரன் பேத்தி எடுத்தவன்லாம் அட்டைக் கொம்பு மாட்டிக்கிட்டுத் திரியறான். நான் முட்டிவலின்னு நேத்து முழுக்க வீட்ல தைலம் தேய்ச்சுக்கிட்டுப் படுத்திருந்தேன்.

அப்பா: முட்டியிலயா வலி? பிளாஸ்திரி கால் கட்டை விரல்ல இருக்கே.

மாமா: அது... கட்டில் கால்ல இடிச்சுக்கிட்டேன்.

அப்பா: படுத்துக்கிட்டேவா?

மாமா: எழுந்திருக்கும்போது. கண்ணாடி இல்லாம உங்களுக்கு அது எப்படித் தெரியுது?

அப்பா: எனக்குக் கிட்டத்துல இருக்கறதுதான் தெரியாது. தூரத்துல இருக்கறது கழுகுக்குத் தெரியற மாதிரி தெரியும். எங்க, உங்க கண்ணாடியைக் கொஞ்சம் குடுங்க, பேப்பர் பார்க்கலாம்.

மாமா: வேண்டாம் வேண்டாம். என் பவர் உங்களுக்கு ஒத்துக்காது.

மகள்: சட்டைப்பையை ஏன் மாமா அப்படிப் பொத்திக்கிறீங்க? பிடுங்கவா போறார்? அவர் கண்ணாடியையும் நேத்து அங்கதான் தொலைச்சார். என் ஹெல்மெட் போன அதே இடத்துல, அதே நேரத்துல.

அப்பா: தொலைக்கல. குடுத்து வெச்சிருந்தேன்.

மகள்: இவர் சொன்னா முடிக்கறதுக்குள்ள காடு மலை எல்லாம் வந்துடும், நான் சுருக்கமாச் சொல்றேன் மாமா. எட்டு மாசம். நிலாக்காவலன் ஹெல்மெட்டுக்கு நானே அச்சு எடுத்து, நானே உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, நானே வண்ணம் அடிச்சேன். அதை மாட்டிக்கிட்டு மூணு மணிக்கு வேஷப் போட்டி மேடையில ஏறணும். பேர் குடுக்கப் போகும்போது, "பத்து நிமிஷம் பையைப் பிடிச்சுக்கங்க"ன்னு இவர்கிட்ட குடுத்தேன். திரும்பி வந்தா அப்பா இருக்கார், பை இருக்கு, ஹெல்மெட் இல்ல. கேட்டா, நிலாக்காவலனே வந்து வாங்கிட்டுப் போயிட்டாராம்.

மாமா: முப்பது வருஷம் ஹெட்மாஸ்டரா இருந்தேன். "நோட்டை மாடு தின்னுடுச்சு சார்"னு சொன்னவன் உண்டு. "அமைச்சர் வந்து வாங்கிட்டுப் போயிட்டார் சார்"னு ஒருத்தன்கூடச் சொன்னதில்ல. உங்கம்மா எங்க இருந்தா அப்ப?

மகள்: பெண்கள் கழிப்பறை வரிசையில, நாப்பது பேருக்குப் பின்னாடி. "உங்கப்பா பேச்சைத் தண்ணி கலந்து குடி"ன்னு சொல்லிட்டு இப்ப மார்க்கெட்டுக்குப் போயிட்டாங்க.

அப்பா: இந்த வீட்ல உண்மைக்கு மரியாதையே இல்ல.

மகள்: நீங்கதானப்பா அதை ஊரை விட்டே துரத்தினீங்க. நாலாம் வகுப்புல "எங்கப்பா திமிங்கிலத்தின் தொண்டையில் அடைப்பு எடுத்தார்"னு கட்டுரை எழுதினேன். நீங்க சொன்னதை அப்படியே எழுதினேன். மாமாதான் என்னைப் பெஞ்சு மேல ஏத்தினார்.

அப்பா: அது மீன் காட்சியகத்துக் குழாய். அடைப்பு நிஜம். திமிங்கிலம் மட்டும் கொஞ்சம் மிகை.

மகள்: அதோட விட்டாரா? பையில இருந்த நிலாக்காவலன் படக்கதைப் புத்தகம் பதினொண்ணையும் பறிமுதல் பண்ணிட்டார். "இதைப் படிச்சுத்தான் புளுகுற. ஆண்டு முடிஞ்சதும் வாங்கிக்கோ"ன்னார். எந்த ஆண்டு மாமா?

மாமா: அது... தேடணும். பழைய பீரோ. கரையான் தின்னிருக்கும்.

அப்பா: கரையானுக்கும் படக்கதை பிடிக்கும்போல.

மாமா: பேச்சை மாத்தாதீங்க மாப்பிள்ளை. கக்கத்துல எப்படி வந்துச்சு அந்தத் தலை? கேட்டுட்டாவது போறேன்.

அப்பா: அப்படி வாங்க வழிக்கு. நான் கழிப்பறைக்குப் போனேன். ஒரு ஆள் கண்ணாடி முன்னாடி நின்னு ஹெல்மெட்டைப் பிடிச்சு இழு இழுன்னு இழுக்கறான். வெளிய கடையில விக்கிற மலிவு ஹெல்மெட். காதுகிட்ட சிக்கிடுச்சு. உள்ள இருந்து "ம்ம்... ம்ம்"னு சத்தம். சுத்தி முந்நூறு பேர் வேடிக்கை பார்க்கறான், ஒருத்தன் கை குடுக்கல.

மாமா: முந்நூறு பேரா? அந்த இடத்துல முக்கினாலும் பத்துப் பேர் நிக்க முடியாது. இருக்கறதே நாலு வாஷ் பேசின்.

மகள்: நாலுன்னு உங்களுக்கு எப்படி மாமா தெரியும்?

மாமா: ...எல்லா மண்டபத்துலயும் நாலுதானே இருக்கும். பொதுவாச் சொன்னேன்.

அப்பா: மச்சானுக்குப் பொது அறிவு ஜாஸ்தி. சரி, முந்நூறு இல்ல, ஒரே ஒரு ஆள் இருந்தான்னு வெச்சுக்கங்க. பச்சைப் பசேல்னு ஒரு அரைவேக்காடு. தலையில இருந்து கால் வரைக்கும் ரப்பர், முதுகுல செதில், பின்னாடி ரெண்டு முழத்துக்கு ஒரு வால். வால் கதவிடுக்குல மாட்டிக்கிச்சு. இழுத்த வேகத்துல கதவு வந்து கால்ல இடிச்சு, ஒத்தைக்கால்ல குதிக்கிறான்.

மாமா: வால் இல்ல, துடுப்பு.

மகள்: என்னது?

மாமா: நிலாக்காவலன் தொடர்ல வர்ற பாசி மன்னனுக்கு வால் கிடையாது. அது துடுப்பு. மூணாவது பருவத்துல அவன் அம்மா தெளிவாச் சொல்லுவா, "துடுப்பில்லாதவன் அரசாளக் கூடாது"ன்னு... அதாவது, பக்கத்து வீட்ல டிவி சத்தமா வெப்பாங்க. காதுல விழும்.

மகள்: ஓஹோ. சுவர் தாண்டி வந்து விழுமா?

மாமா: நீங்க மேல சொல்லுங்க மாப்பிள்ளை.

அப்பா: நான் முப்பத்தஞ்சு வருஷம் குழாய் வேலை பார்த்தவன். சிக்கின எதையும் இழுக்கக் கூடாது, திருகணும். "தம்பி, கையை எடு"ன்னேன். என் மூக்குக்கண்ணாடியில சோப்பு தெறிக்குமேன்னு கழட்டி அந்தப் பச்சை மடையன்கிட்ட குடுத்தேன். ஒரு வாளி சோப்புத் தண்ணியைக் கழுத்து வழியா ஊத்தினேன்...

மாமா: வாளி எங்க இருந்துச்சு அங்க? சுவர்ல இருந்த ரோஸ் கலர் சோப்பு, அதுவும் சொட்டுச் சொட்டா...

மகள்: ரோஸ் கலரா?

மாமா: ...சோப்புன்னா பெரும்பாலும் ரோஸ்தான்.

அப்பா: மச்சான் சொன்னா சரியாத்தான் இருக்கும். தலையைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டேன். இடது பக்கம் கால் திருகு, வலது பக்கம் அரைத் திருகு. படக்குனு ஒரு சத்தம். ஹெல்மெட் இடது காதுகிட்ட உடைஞ்சு கையோட வந்துடுச்சு.

மாமா: வலது காது.

மகள்: மாமா, இஸ்திரிப் பெட்டியைக் கொஞ்சம் பிடிங்க.

மாமா: ஏன் கண்ணு, சுட்டுக்கிட்டியா?

மகள்: இல்ல மாமா. ரசிச்சுக் கேக்கறேன். அப்பா, நீங்க சொல்லுங்க.

அப்பா: பார்த்தா ஒரு நாப்பது வயசு ஆள், முகமெல்லாம் நுரை. எனக்கு யாருன்னே தெரியல. நான்தான் அந்தத் தொடர் ஆரம்பிச்சதும் தூங்கிடுவேனே. அந்தப் பச்சை ஆளுக்குத்தான் தெரிஞ்சுது, நிலாக்காவலனா நடிக்கிறவரேதான்னு. அப்படியே பின்னாடி சாய்ஞ்சான் பாரு, கை காய வைக்கிற மெஷின் மேல. அது "உய்"னு ஊத ஆரம்பிச்சுது. தலைச் செதில் எல்லாம் நட்டுக்கிட்டு நிக்க, உள்ள தேம்பித் தேம்பி அழறான். வயசானவன் மாதிரி இருந்தான் வேற. வெக்கங்கெட்ட ஜென்மம்.

மாமா: அழுகை ஒண்ணும் இல்ல. அந்த ரப்பர் முகமூடியில மூக்குக்கு ஓட்டை சரியா இருக்காது. மூச்சு வாங்கியிருக்கும்.

அப்பா: மூச்சு வாங்கறவன் "தலைவா"ன்னு சொல்லுவானா?

மாமா: ...மரியாதை தெரிஞ்ச ஆளா இருக்கும்.

மகள்: நடிகர் எதுக்குப்பா கழிப்பறையில தனியா நிக்கணும்? சுத்தி பத்துப் பேர் இல்லாம அவர் நகரவே மாட்டாரே.

அப்பா: அதையேதான் நானும் கேட்டேன். வருஷா வருஷம் மேஜைக்குப் பின்னாடி உக்கார வெச்சு கையெழுத்துப் போடச் சொல்லிடறாங்களாம். மாநாட்டை ஒரு தடவைகூடச் சுத்திப் பார்த்ததில்லையாம். யாருக்கும் தெரியாம நழுவி வந்து, அவர் ஹெல்மெட்டை அவரே வாங்கியிருக்கார். கடைக்காரன் என்ன சொன்னான் தெரியுமா? "சார், உங்க உயரத்துக்கு இந்த வேஷம் எடுபடாது"ன்னானாம்.

மகள்: ...இது நல்லா இருக்கு. இது உங்க வழக்கமான கற்பனை மாதிரி இல்ல.

அப்பா: கற்பனைன்னா நான் கடைக்காரனுக்கு மூணு கை வெச்சிருப்பேன். அப்பதான் எனக்குக் கோவம் வந்துச்சு. "இதெல்லாம் ஒரு ஹெல்மெட்டா? என் பொண்ணு செஞ்சதைப் பாரு"ன்னு பையைத் திறந்து எடுத்தேன். காதுக்குக் கீழ ரெண்டு கொக்கி, அமுக்கினா பின்பக்கம் கதவு மாதிரி திறக்கும்னு காட்டினேன். குழாய் மாட்டுற பட்டையைப் பார்த்து அவளே யோசிச்சதுன்னு சொன்னேன்.

மகள்: அதைச் சொன்னீங்களா?

அப்பா: சொல்லாம? மாட்டினார், கழட்டினார், மாட்டினார், கழட்டினார். நாப்பது தடவை.

மாமா: அஞ்சு... அஞ்சாறு தடவை மாட்டியிருப்பார். யாரா இருந்தாலும் அதானே.

அப்பா: "பன்னெண்டு வருஷம் சார்"னார். "படப்பிடிப்புல ஒரு வாய் டீ குடிக்கணும்னா ஒருத்தர் வந்து நாலு திருகாணியைக் கழட்டணும். அரிச்சா சொறிய முடியாது. ஒரு நாள் உள்ளேயே தும்மிட்டேன்"னார். கண்ணு கலங்கிடுச்சு அவருக்கு. இதைச் செஞ்ச பொண்ணை உடனே எங்க வேஷப் பட்டறைக்கு அனுப்புங்க, திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு, புதுப் பருவத்துக்கு எல்லா ஹெல்மெட்டும் புதுசாச் செய்யணும், நான் சொல்லி வெக்கிறேன்னார். கை துடைக்கிற காகிதத்துல முகவரி எழுதினார். அந்த ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டே, யாரும் அடையாளம் தெரியாம கூட்டத்துக்குள்ள போயிட்டார்.

மகள்: அப்புறம் மேடைக்கு அவர் வெறுந்தலையோடதானே வந்தார்?

அப்பா: அதைப் பட்டறையில காட்டப் பத்திரமா வெச்சிருப்பார். நாளைக்குத் திங்கட்கிழமைதானே, போய் வாங்கிக்கோ.

மகள்: எங்க போய்? முகவரி எங்கப்பா?

அப்பா: அதான்... என் கை முழுக்க சோப்பு. கண்ணாடியும் இல்ல, எழுதினது தெரியல. பச்சை ஆள்கிட்ட "இதையும் பிடி"ன்னேன். அதுக்குள்ள வெளிய யாரோ "நிலாக்காவலன் இங்க இருக்கார்"னு கத்தி, கூட்டம் உள்ள பாய்ஞ்சுடுச்சு. பச்சையைக் காணோம். கண்ணாடியும் காணோம். சீட்டும் காணோம்.

மாமா: பாருங்க. எல்லாக் கதையும் இங்கதான் வந்து நிக்கும். ஹெல்மெட் இல்ல, சீட்டு இல்ல, சாட்சி இல்ல. இப்படி ஒரு புளுகை நம்பி இவ நாளைக்கு வேலையை விடணுமா? அந்த மேனேஜர் பையன்கிட்ட மூணு தடவை போன் பண்ணிக் கேட்டு வாங்கின வேலை.

அப்பா: சாட்சி இருக்கு மச்சான். பச்சை சாட்சி. ஆனா திருட்டுப் பய.

மாமா: திருட்டுப் பயன்னு எப்படிச் சொல்லலாம்? கூட்டம் நெருக்கித் தள்ளியிருக்கும். நாலு எட்டு நடந்தா கால்ல துடுப்பு மாட்டும். திரும்பி வந்து உங்களைத் தேடியிருப்பான்.

அப்பா: தேடினா கிடைச்சிருப்பேனே. கேட்டு வாசல்ல ஒரு மணி நேரம் நின்னேன்.

மாமா: அவனுக்கு ஏதாவது சங்கடம் இருந்திருக்கும். வீட்ல சொல்லாம வந்திருக்கலாம். ஊர்ல மதிப்பா இருக்கற ஆளா இருக்கலாம்.

அப்பா: மதிப்பான ஆளுக்கு வால் எதுக்கு?

மாமா: துடுப்பு.

மகள்: போதும் நிறுத்துங்க ரெண்டு பேரும். அப்பா, கொஞ்சம் இப்படித் திரும்புங்க. நான் சிரிக்கல இப்ப. அந்தக் காப்பீட்டு வேலை ஒண்ணும் மோசமில்ல. அஞ்சரைக்கு வீட்டுக்கு வரலாம், அம்மாவுக்கு நிம்மதி. ஆனா நீங்க சொல்றது நிஜமா இருந்து, நாளைக்கு நான் அங்க படிவத்துல முத்திரை குத்திக்கிட்டு உக்கார்ந்திருந்தா... எட்டு மாசம் எதுக்கு ராத்திரி பகலாத் தேய்ச்சேன்? இதே பொய்யா இருந்து, ஊர்ல இருக்கற பட்டறைக் கதவை எல்லாம் நான் தட்டிக்கிட்டு நின்னா, இதுவும் போச்சு, மாமா பேரும் போச்சு. உங்க பேச்சை நம்பி நான் ஒரு தடவை பெஞ்சு மேல ஏறியாச்சுப்பா.

அப்பா: ...நேரம் கூடக் குறைய இருக்கலாம் பாப்பா. முந்நூறு பேர் இல்ல. வாளி இல்ல. ஆனா அவர் உன் ஹெல்மெட்டைக் கழட்டினப்ப சிரிச்ச சிரிப்பை மட்டும் நான் ஒரு இஞ்ச்கூட ஏத்திச் சொல்லல.

மகள்: நீங்க சொல்றீங்க. ஆனா சொல்றது நீங்களாச்சே.

அப்பா: அதுவும் சரிதான்.

மகள்: மாமா.

மாமா: என்ன கண்ணு?

மகள்: நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. "நான் பொய் சொல்ல மாட்டேன்"னு என்னை முந்நூறு தடவை எழுத வெச்சவர் நீங்க. அந்த நோட்டு இன்னும் இருக்கு. அதனால உங்களையே கேக்கறேன். இது நடந்திருக்குமா? இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நாளைக்கு இந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டு எட்டு நாப்பதுக்கே போய் நிக்கிறேன். இனிமே ஹெல்மெட்னு வாயைத் திறக்க மாட்டேன்.

அப்பா: டீ ஆறுது மச்சான்.

மாமா: முக்கால் மணி நேரம் எல்லாம் இல்ல.

மகள்: பின்ன?

மாமா: நாலு நிமிஷம். அதுல ரெண்டு நிமிஷம் உங்கப்பா திமிங்கிலக் கதையைச் சொன்னார். தலையைக் கக்கத்துல வெச்சுக்கிட்டே.

மகள்: அப்புறம்?

மாமா: அந்தப் பச்சை ஆள் அரைவேக்காடும் இல்ல, மடையனும் இல்ல. காலையில கொண்டு வந்து குடுத்துட்டு நைசாச் சொல்லிடலாம்னுதான் படியேறினான். வந்ததுமே உங்கப்பா அவன் கால் கட்டை விரலைப் பார்த்து ஆரம்பிச்சா எப்படிச் சொல்றது? உங்களுக்கு எப்பத் தெரியும் மாப்பிள்ளை?

அப்பா: நேத்தே தெரியும். உடம்பு பூரா ரப்பரைப் போட்டுட்டு, கால்ல உங்க பழுப்புச் செருப்பைப் போட்டுக்கிட்டு வந்தா? எனக்குத் தூரத்துல நல்லாத் தெரியும்னு சொன்னேனே. நானாச் சொன்னா யாரு நம்புவா? அதான் உண்மையை நீங்களே சொல்ல வரட்டும்னு அந்தப் பச்சை ஆளைத் திட்டினேன்.

மகள்: எனக்கு அந்த வலது காதுலயே தெரிஞ்சு போச்சு மாமா.

மாமா: ...நடந்துச்சு கண்ணு, உங்கப்பா சொன்னது அத்தனையும், வாளியைத் தவிர. இந்தாங்க உங்க கண்ணாடி. சீட்டு என் கண்ணாடிக் கூட்டுக்குள்ள மடிச்சு வெச்சிருக்கேன், ஒரு எழுத்து அழியல. நாளைக்கு ஒன்பது மணிக்குப் பட்டறைக்குப் போ, என் மாணவனுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். உன் பதினொரு புத்தகமும் கரையான் படாம இருக்கு, அட்டை மட்டும் படிச்சுப் படிச்சு நைஞ்சுடுச்சு. ஒண்ணே ஒண்ணு... துடுப்பு இன்னும் ஈரம், மாடிக் கொடியில காயுது. அது மழைக்கோட்டுன்னு உங்க அத்தைகிட்ட சொல்லி வெச்சிருக்கேன், யாரும் மாத்திச் சொல்லிடாதீங்க.